இரண்டாவது வரி

கேட்டதா சார்? டுர்ர்ர் என்று ஒன்று போனதே, நடுவில் கடகடவென்று ஒரு மூடி ஆடிற்றே, அதுதான். வேண்டாம் வேண்டாம், எழுந்து பார்க்காதீர்கள். இந்த ஜன்னலில் ரோடு தெரியாது. சத்தம் மட்டும்தான் வரும். டிவிஎஸ் வண்டி. பின்னால் ரெண்டு அலுமினியச் சட்டி கட்டியிருக்கும். மணி பதினொன்றே கால் இருக்குமே? பதினேழா? ரெண்டு நிமிஷம் லேட்.

இன்றைக்குப் புதன்கிழமை. முன்பெல்லாம் புதன்கிழமை அந்த வண்டி நம் கேட்டில் திரும்பும். இப்போது நேராகப் போகிறது. போகட்டும். ரோடு எல்லோருக்கும் பொது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் மூன்று காலைத்தான் நம்பலாம். இதில் உட்காருங்கள். டீ சொல்லட்டுமா? உங்கள் துணைவேந்தர் அனுப்பிய கடிதத்தைப் படித்தேன். 'தங்கள் பல்கலைக்கழகம் இஸ்லாமிய மாணவர் சேர்க்கையில் கண்டுள்ள நூறு சதவீத வளர்ச்சியை அறிந்து மகிழ்கிறோம். அவ்விளம்பர முறையைக் கற்றறிய எமது அலுவலரை அனுப்புகிறோம்.' படித்ததும் எனக்கே மகிழ்ச்சியாகப் போய்விட்டது. அலுவலர் நீங்கள்தானே? நோட்டெல்லாம் கொண்டு வந்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரம் எழுதியவன் நான்தான். தனுஷ்கோடி. மக்கள் தொடர்புப் பிரிவு. மக்கள் தொடர்பு அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், ஆறு வருஷமாக அந்த இடம் காலி. நாற்காலி அவருடையது, வேலை என்னுடையது. பத்தொன்பது வருஷம் தொகுப்பூதியத்தில் இருந்தேன் சார். இந்தச் சுவருக்கு மூன்று தடவை சுண்ணாம்பு அடித்துப் பார்த்துவிட்டேன், என்னை நிரந்தரம் பண்ணிப் பார்க்கவில்லை.

அதுதான் இந்தக் கதையின் முதல் பக்கம். அதை எழுத வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வருஷம் நம் துணைவேந்தர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தார். போனவர் சும்மா வரவில்லை. அங்கே அரசாங்கப் பல்கலைக்கழகங்களே இன்ன மதத்து மாணவர்கள் எங்களிடம் வாருங்கள், உங்களுக்கு இன்னின்ன வசதி வைத்திருக்கிறோம் என்று கூப்பிடுகிறதாம். கையோடு படம் பிடித்து வந்திருந்தார். நமக்கோ வகுப்புக்கு வகுப்பு பெஞ்சு காலி. தத்துவத்துறையில் ஒரே ஒரு பையன், அவனும் வராத நாளில் பேராசிரியர் எனக்கு வந்து தத்துவம் சொல்வார். துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டார். 'தனுஷ்கோடி, கடற்கரைப் பக்கம் பூரா இஸ்லாமிய ஊர். நாம ஏன் கூப்பிடக் கூடாது? ஒரு நோட்டீஸ் போடுங்க. அதப் பாத்து ஒரு பிள்ளையாவது சேர்ந்து, செப்டம்பர் முப்பது கணக்கெடுப்பு வரைக்கும் நின்னுட்டா, உங்க ஃபைல்ல நான் கையெழுத்துப் போடறேன்' என்றார்.

ஒரு பிள்ளை சார். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு பிள்ளை. யார்தான் எழுத மாட்டார்கள்?

ஆனால் எனக்கு என்ன தெரியும், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று? அதனால் நாகூர்கனி பாயிடம் கேட்டேன். இப்போது நேராகப் போனதே வண்டி, அவர்தான். நம் விடுதிக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கோழிக்கறி அவர்தான் போட்டார். புதனும் ஞாயிறும். இறக்கிவிட்டு நேரே எதிர் டீக்கடைக்கு வருவார், நானும் போவேன். அவர் என்னை மாப்ளே என்பார், நான் அவரை மாமா என்பேன். எங்கள் பக்கத்தில் பாய்மார்களும் நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். கல்யாணம் எதுவும் நடந்ததில்லை, முறை மட்டும் உண்டு. உங்கள் பக்கத்தில் இல்லையா? பாவம்.

கேட்டேன். 'மாமா, உங்காளுங்க என்னத்தப் பாத்து காலேஜ்ல சேருவாங்க?'

'படிச்சா வேலை கிடைக்குமான்னு பாப்பாங்க.'

'அது எல்லாரும் பாக்கறது. உங்காளுங்க என்ன பாப்பாங்க?'

'பஸ்ஸு இருக்கான்னு பாப்பாங்க.'

'மாமா, விளையாடாதீங்க. இது என் வாழ்க்கை.'

'சரி சரி, எழுது' என்று அவரே யோசித்துச் சொன்னார். தொழ ஒரு இடம். வெள்ளிக்கிழமை மதியம் பரீட்சை வைக்காமல் இருந்தால் தேவலை. நோன்பு மாசத்தில் விடிகாலைச் சாப்பாடு. நான் எழுதிக்கொண்டேன். 'சாப்பாடு?' என்றேன். 'அது என்ன மாப்ளே, நான்தானே போடறேன்? பிஸ்மி சொல்லித்தான் அறுக்கறேன். வேற எப்படி அறுக்கறது? இருபத்திரண்டு வருஷமா உங்க விடுதிப் பயலுக பூராப் பேரும் ஹலால்தான் தின்னுட்டுக் கிடக்கானுவ' என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நம் ஊரில் கறிக்கடை என்றாலே பாய் கடைதான், இதில் என்ன இருக்கிறது?

ஆக ஐந்து வரி. எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, தொழுகைக்குத் தனி அறை. ரெண்டு, விடுதியில் ஹலால் உணவு. மூன்று, வெள்ளி மதியம் தேர்வு இல்லை. நாலு, ரம்ஜானில் சஹர் உணவு. ஐந்தாவது பதிவாளர் போட்டது: நூலகத்தில் உருது நூல்கள். பாயிடம் காட்டினேன். 'எனக்கே உருது தெரியாது மாப்ளே, சினிமாப் பாட்டோட சரி' என்றார். இருந்தாலும் பதிவாளர் வரி, எடுக்க முடியுமா? நூலகத்தில் தேடினோம். ஒரு புத்தகம் கிடைத்தது. அது உருதுதானா என்று சொல்ல வளாகத்தில் ஆள் இல்லை. பாய் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, 'அரபி எழுத்து, கூட்ட வருது, என்ன சொல்லுதுன்னு தெரியல. உன் நோட்டீஸ் மாதிரியே இருக்கு' என்றார். வாய் சார் அவருக்கு.

ஐந்து வரியில் நான் எழுதும்போதே உண்மையாக இருந்தது ரெண்டாவது வரி மட்டும்தான். மற்றதெல்லாம் எங்கள் எண்ணம்.

அச்சகத்துக்காரன் தன் பங்குக்கு மேலே தாஜ்மஹால் படம் போட்டுவிட்டான். அழகாகத்தான் இருந்தது. பாய் நோட்டீஸை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். 'ஏன் மாப்ளே, இது சமாதி தெரியுமா? சமாதியப் போட்டு வா வான்னு கூப்பிட்டா எவன் வருவான்?' ஐயாயிரம் அடித்தாயிற்று, என்ன செய்ய? கீழக்கரை, தொண்டி, இளையான்குடி என்று பஸ் மாறி மாறிப் போனேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வருகிறவர்கள் கையில் கொடுத்தேன். ஒரு பெரியவர் வாங்கிப் படித்துவிட்டு, 'கண் ஆபரேஷன் என்னைக்கு தம்பி?' என்றார். தாஜ்மஹாலைப் பார்த்து எப்படிக் கண் ஆஸ்பத்திரி என்று நினைத்தாரோ. அதனால்தான் ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கிறது.

திரும்பி வந்தேன். முதலில் யார் வந்தார்கள் தெரியுமா? புது மாணவர்கள் இல்லை. ஏற்கெனவே இங்கே படிக்கிறவர்கள். கதவைத் தட்டிக்கொண்டு ஏழெட்டுப் பையன்கள். கையில் என் நோட்டீஸ். 'அண்ணே, தொழுகை அறை எங்கண்ணே? நாங்க மூணு வருஷமா புவியியல் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழ தொழுதுட்டிருக்கோம்' என்றான் ஒருவன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'நீங்க எத்தனை பேரு இருக்கீங்க?' 'அறுபத்து மூணு பேருண்ணே.' அறுபத்து மூன்று பேர்! யாரும் கூப்பிடாமல் தானாக வந்து, சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும், எண்ணினால்தானே?

நான் பக்குவமாகச் சொன்னேன்: 'தம்பி, அது விளம்பரத்தப் பாத்துப் புதுசா வர்றவங்களுக்கு.' அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஆனாலும் அறை ஒதுக்கினோம் சார், ஒதுக்காமல் இல்லை. பழைய விடைத்தாள் கிடந்த அறை. இப்போதும் இருக்கிறது. பூட்டியிருக்கிறது. சாவி பராமரிப்பு ஆபீஸில். வெள்ளி மதியம் அந்த ஆபீஸ்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம். பையன்கள் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான். 'இங்க காத்து வருதுண்ணே' என்கிறார்கள்.

ஜூலையில் அந்தப் பிள்ளை வந்தது. ஜுவைரியா. கடல்வாழ் உயிரியல். சேர்க்கைப் படிவத்தில் 'எதன் மூலம் அறிந்தீர்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தப் பிள்ளை அதை நிரப்பவில்லை, கூட்டத்தில் மறந்திருக்கும். நானே 'விளம்பரம்' என்று எழுதினேன். வேறு எதன் மூலம் வந்திருக்கப் போகிறது? பக்கத்தில் கட்டாக என் நோட்டீஸ் இருக்கிறது, எதிரில் முக்காட்டோடு பிள்ளை நிற்கிறது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

அன்றிலிருந்து எனக்கு அது பிள்ளை இல்லை சார், செப்டம்பர் முப்பது. காய்ச்சல் என்று ரெண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை, மாத்திரை வாங்கிக்கொண்டு மகளிர் விடுதி வாசலில் நான் நின்றேன். வார்டன் அம்மா, 'நீங்க யாரு, சொந்தமா?' என்றார். 'மக்கள் தொடர்பு' என்றேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது. பெயர் கிடையாது, 'பொதுநல விரும்பி' என்று கையெழுத்து. என் நோட்டீஸை ஊசி குத்தி இணைத்திருந்தான். ரெண்டாவது வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு. அரசுப் பல்கலைக்கழக விடுதியில் எல்லா மாணவர்களுக்கும் ஹலால் உணவா, இது யாருக்குத் தெரிந்து நடக்கிறது, விளக்கம் தேவை என்று எழுதியிருந்தான். விடுதியில் சாப்பிடுகிறவன் எழுதவில்லை சார். சாப்பிடுகிறவனுக்குக் குழம்பில் உப்பு இல்லை என்பதுதான் குறை.

பதிவாளர் கடிதத்தை ரெண்டு தடவை படித்தார். வார்டனுக்கு உடனே ஓலை: 'விடுதியில் வழங்கப்படும் இறைச்சி எம்முறையில் அறுக்கப்படுகிறது?' வார்டன் அம்மா நேர்மையானவர், பதில் போட்டார்: 'கத்தியால்.' அதன் பிறகு கமிட்டி போட்டார்கள்.

கமிட்டியில் பதிவாளர், வார்டன், சட்ட ஆலோசகர். என்னைக் கூப்பிட்டார்கள். பாயையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டுத் தலைசீவி வந்திருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, கதவுப் பக்கம் நின்றார். நான் உள்ளே நுழையும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பயப்படாதே என்கிற மாதிரி. அவருக்காக நான் பயப்பட வேண்டியது, எனக்காக அவர்.

பதிவாளர் கேட்டார்: 'தனுஷ்கோடி, இந்த ரெண்டாவது வரிய எந்த அடிப்படையில போட்டீங்க?'

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள் சார். நீங்களும் ஆபீஸ் வேலை பார்க்கிறவர். இருக்கிறதைத்தான் போட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும்? பத்தொன்பது வருஷமாகத் தெரிந்து மறைத்தவன் ஆகிவிடுவேன். மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேட்டால் அதற்கு ஒரு கமிட்டி. தெரியாது, இனிமேல் ஏற்பாடு செய்வார்கள் என்று நம்பிப் போட்டேன் என்று சொன்னால், ஒன்றுமில்லை, ஆர்வக்கோளாறு. ஃபைல் மேலே இருக்கிறது. செப்டம்பர் முப்பதுக்கு ஐந்து வாரம். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? சொல்ல வேண்டாம், டீ ஆறுகிறது, குடியுங்கள்.

'ஏற்பாடு ஆயிடும்னு நெனச்சுப் போட்டேன் சார்' என்றேன்.

'இவர் எந்த முறையில அறுப்பார்னு உங்களுக்குத் தெரியாதா? இவரத் தெரியும்ல?'

'பாத்திருக்கேன் சார். அவரோட எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லீங்க.'

அவ்வளவுதான். நாலு வார்த்தை. ஆபீஸில் ஒரு நாளைக்கு நாற்பது பொய் சொல்கிறோம், அதில் ஒன்று. நான் பாய் பக்கம் திரும்பவில்லை. பதிவாளர் மேசை மேல் ஒரு பேப்பர் வெயிட் இருந்தது, கண்ணாடி, உள்ளே பச்சையாக ஒரு பூ. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரிடமும் கேட்டார்கள். ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்றார் சட்ட ஆலோசகர். 'சான்றிதழா? என் பேரு நாகூர்கனிங்க' என்றார். அது பதில் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். கடைசியில் தீர்ப்பு. ஹலால் என்றால் ஒரு கூட்டம் கேட்கும், ஹலால் இல்லை என்றால் இன்னொரு கூட்டம் கேட்கும், ஆகவே சர்ச்சையைத் தவிர்க்கும் பொருட்டு மறு உத்தரவு வரை விடுதியில் அசைவமே கிடையாது. புதன்கிழமை காளான். ஞாயிற்றுக்கிழமை மீல்மேக்கர். இருபத்திரண்டு வருஷம் யாரும் கேட்காததால் நடந்தது, ஒரே கடிதத்தில் நின்றது. நின்றதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் விளம்பரம்தானே எழுதினேன்?

வெளியே வந்தேன். பாய் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை, வாங்கிக்கொண்டு டீக்கடைக்குக் கூட்டிப் போயிருப்பேன். அவர் உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். 'வரேன் சார்' என்றார்.

எனக்குப் பின்னால் யாரோ சார் நிற்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

சரி, அதை விடுங்கள். மரியாதையாகத்தானே கூப்பிட்டார். ஊரில் எத்தனை பேருக்கு அந்த மரியாதை கிடைக்கிறது? நம் கதைக்கு வருவோம்.

விடுதியில் பையன்கள் கொதித்துப் போனார்கள். ஹலால் நின்றதற்காக இல்லை, கோழி நின்றதற்காக. யாரால் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நோட்டீஸைப் பார்த்து வந்த அந்த முதல் வருஷப் பிள்ளையால்தான் என்று முடிந்தது. செப்டம்பர் முதல் வாரம், ஜுவைரியா என் அறைக்கு வந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்தது.

'அங்கிள், வாட்ஸ்அப் குரூப்ல என் பேரக் கோழின்னு மாத்திட்டாங்க.'

'யாருன்னு சொல்லும்மா, நான் பேசறேன்.'

'நீங்க பேசாம இருந்தாலே போதும் அங்கிள். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நான் எப்பக் கோழி கேட்டேன்?'

'நீ கேக்கல...'

'நான் கோழியே சாப்பிட மாட்டேன். சின்ன வயசுலேர்ந்து பிடிக்காது. வீச்சம். எங்க வீட்டுல பெருநாளைக்குக்கூட எனக்குத் தனியா மீனுதான். கோழியே திங்காதவ பேரு கோழி!'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது சார். அதற்கும் வந்துவிட்டது. ரெண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் எனக்குத் தேதி ஞாபகம் வந்தது. 'ஏம்மா, ஊருக்குக் கெளம்பற யோசனை எதுவும் இல்லையே? முப்பதாம் தேதி வரைக்குமாவது இரு' என்றேன்.

'முப்பதாம் தேதிக்கப்புறம்?'

'அப்புறம் உன் இஷ்டம்.'

'நான் எதுக்குப் போகணும்? படிக்க வந்திருக்கேன். இங்கேர்ந்து கடல் பதினாறு கிலோமீட்டரு. மாசம் ரெண்டு தடவ படகுல கூட்டிட்டுப் போயி, கடல்பாசி, நட்சத்திர மீனு எல்லாம் எடுத்துக் காட்டுவாங்கன்னு எங்க தெரு அக்கா சொல்லிச்சு, அவங்க இங்கதான் படிச்சாங்க. அதக் கேட்டுத்தான் வந்தேன். உங்க நோட்டீஸ நான் சேந்த அன்னைக்கு இந்த மேசையிலதான் மொதமொதப் பாத்தேன். அதுல படகப் பத்தி ஒரு வரி போட்டிருக்கலாம்ல?'

பேனா ஓடுகிறதே சார், இதையுமா எழுதுகிறீர்கள்? இதை அடித்துவிடுங்கள். இது நமக்குள். நான் அந்தப் பிள்ளையிடமும் அதைத்தான் சொன்னேன்: 'இத வேற யார்கிட்டயும் சொல்லாதம்மா.' அது, 'நான் சொல்லல. ஆனா மத்தவங்களுக்குக் கோழியத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. அந்தக் கறிக்கடைத் தாத்தா என்ன பாவம் பண்ணாரு?' என்று ஒரு மனு எழுதி நீட்டியது. 'எனக்குக் கோழி தேவையில்லை. நான் உண்பதில்லை. என்னைக் காரணம் காட்டாமல் மற்றவர்களுக்கு முன்போல் வழங்கக் கோருகிறேன்.'

நல்ல கையெழுத்து. பதிவாளரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்ததே பார்க்க வேண்டும். 'பாத்தீங்களா, பயனாளியே தேவையில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க!' கோப்பில் வைத்தார். கோழி வரவில்லை. ஆனால் ரெண்டாவது வரி தேவையற்றது என்று முறைப்படி முடிவாயிற்று.

செப்டம்பர் முப்பது வந்தது. பிள்ளை இருந்தது. இன்னும் இருக்கிறது, வகுப்பில் முதல் மதிப்பெண். அறிக்கை தயாரித்தோம். விளம்பரத்தின் வழி போன வருஷம் வந்தவர்கள் பூஜ்யம், இந்த வருஷம் ஒன்று. வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று புள்ளியியல் துறையில் கேட்டோம். பூஜ்யத்திலிருந்து கணக்குப் போட முடியாது, வேண்டுமானால் முடிவிலி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் பேராசிரியர். முடிவிலி என்றால் தணிக்கையில் கேள்வி வரும் என்று பதிவாளர் நூறு என்று போட்டார். அந்த நூறைப் பார்த்துத்தான் நீங்கள் ராத்திரி பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். பயன் இல்லாமல் போகவில்லை. போன திங்கட்கிழமை என் உத்தரவு வந்தது. நிரந்தரம்! இதோ பாருங்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தொட்டுப் பாருங்கள், முத்திரை எழும்பியிருக்கும்.

வீட்டுக்குக்கூட அப்புறம்தான் சொன்னேன். நேராக அல்வா வாங்கிக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். பாய்க்குச் சர்க்கரை வியாதி. முன்பெல்லாம் நான் எதையாவது தின்றுகொண்டிருந்தால், 'டாக்டர் திட்டுவான் மாப்ளே' என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார். பிடுங்கட்டும் என்றுதான் அரைக்கிலோ வாங்கினேன். அவர் கத்தியைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்தார். பொட்டலத்திலிருந்து சின்னதாக ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, 'ரொம்ப சந்தோஷம். வாழ்த்துகள் சார்' என்றார். நாற்காலியைத் துண்டால் தட்டி எனக்குப் போட்டார். ஒரு குறையும் இல்லை. 'மாமா' என்றேன். 'சொல்லுங்க சார்' என்றார்.

என்ன சொல்ல? வீட்டுக்கு ஒரு கிலோ கோழி போடச் சொன்னேன். போட்டார். நல்ல கறி. எடை சரியாக இருந்தது. முன்பெல்லாம் ஒரு ஈரல் கூடுதலாக உள்ளே விழும்.

இப்போது ரோட்டின் கடைசியில் இருக்கும் தனியார் இன்ஜினியரிங் காலேஜுக்குப் போடுகிறார். அவர்கள் எந்த நோட்டீஸும் அடிக்கவில்லை. அங்கே என்ன சாப்பிடுகிறோம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

நீங்கள் நோட்டை மூடிவிட்டீர்கள். வெறுங்கையோடு போனால் உங்கள் துணைவேந்தர் சும்மா விடுவாரா? எழுதிக்கொள்ளுங்கள், இதுதான் நான் கற்றது. முதலில் உங்கள் வளாகத்தை நன்றாக விசாரியுங்கள். எது ஏற்கெனவே உண்மையாக நடக்கிறதோ, அதைக் கண்டுபிடியுங்கள். அதை மட்டும் போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் போடலாம். உருது நூலகம் போடுங்கள், நீச்சல் குளம் போடுங்கள். இல்லாததை யாரும் வந்து பிடுங்க முடியாது.

மாதிரிக்கு ஒன்று வேண்டுமா? இந்தக் கட்டிலிருந்து எடுங்கள், இது முடிந்தது. அந்தப் பக்கம் இருப்பது முடியாதது. மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம் இருக்கிறது, வீணாக்க வேண்டாம், ரெண்டாவது வரியை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த வருஷத்துக்குக் கொடுக்கலாம் என்று பதிவாளர் சொல்லிவிட்டார். நிரந்தரமான பிறகு எனக்கு வந்த முதல் உத்தரவு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள் சார், தெரியத்தான் செய்யும். ரெண்டு தடவை அடித்தாலும் தெரிகிறது.

ஒரு நிமிஷம்.

இல்லை, ஒன்றுமில்லை. வண்டி திரும்பி வருகிறது. கறியை இறக்கியாயிற்று. காலிச் சட்டி, அதனால்தான் இத்தனை கடகட. கேட் பக்கம் வந்ததும் கொஞ்சம் வேகம் குறையும் பாருங்கள். அங்கே ஒரு வேகத்தடை இருக்கிறது.

ம். போய்விட்டது.

நோட்டீஸை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பஸ் ரெண்டு மணிக்குத்தான், அவசரமில்லை. நான் பேசிக்கொண்டே என் வேலையைப் பார்க்கிறேன். கை தவறினால் மூன்றாவது வரியும் சேர்ந்து போய்விடுகிறது. அந்த ஸ்கேலை இப்படிக் கொடுங்கள் சார்.